தளபதியும் கஜானாச் சாவியும்

1755ஆம் ஆண்டில் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பியது. படை வைத்திருப்பதும் வரி வசூலிப்பதும் ஒரே ஆளின் பொறுப்பாக இருந்த பதவி அது. மலைக்கோட்டையில் தங்கி, அடங்காத பாளையக்காரர்களை அடக்கி, கப்பம் பெற்று, அந்தப் பணத்திலேயே சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுத்து, மிச்சத்தைச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்ப வேண்டும். பழனி, விருப்பாச்சி முதலான பாளையங்கள் மீது ஹைதர் படை நடத்தியது இந்த வேலைக்காகத்தான். அதோடு நிற்காமல், பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்துத் திண்டுக்கல்லில் ஓர் ஆயுதச் சாலையையும் அமைத்தார். பீரங்கி வார்ப்பதும் வெடிமருந்து சேர்ப்பதும் அவருடைய நேரடிப் பார்வையில் நடந்தன. ஆறாண்டு கழித்து மைசூரின் அதிபதியாக அவர் எழுந்தபோது கையில் இருந்த பலத்தின் முதல் முடிச்சு இந்த ஊரில் போடப்பட்டது.

ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது எல்லோரும் அறிந்தது. கணக்குக்குக் காண்டே ராவ் என்ற பிராமண அதிகாரி இருந்தார். ஆட்கணக்கு, குதிரைக்கணக்கு, காயம்பட்டவர் கணக்கு எதுவும் தலைநகரத்தில் எவராலும் சரிபார்க்க முடியாத தொலைவில் எழுதப்பட்டது. மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் ஒரு கதை சொல்கிறார். ஒரு சண்டைக்குப் பின் காயம்பட்டவர்களுக்கான படியைக் கணக்கிட அரசாங்க ஆள் ஒருவர் வருகிறார். உண்மையில் காயம்பட்டவர்கள் சிலர்தான். ஆனால் மஞ்சள் தோய்த்த கட்டுகளோடு அவர்முன் வரிசையாகக் கிடத்தப்பட்டவர்கள் பல மடங்கு. எல்லோருக்கும் படி கிடைத்தது. வில்க்ஸ் இதை ஹைதரின் தந்திரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். தணிக்கை இல்லாத படை யாருடைய படையாக மாறும் என்பதற்கான எடுத்துக்காட்டாகவும் இதைப் படிக்கலாம்.

மைசூரில் அப்போது அரசரின் கையிலும் அதிகாரம் இல்லை. தளவாய்ச் சகோதரர்களான தேவராஜாவும் நஞ்சராஜாவும் உடையாரை அரண்மனைக்குள் உட்கார வைத்துவிட்டு ஆட்சியை நடத்தினார்கள். தளவாய் என்றாலே படைத்தலைவர்தான். ஆக, ஒரு தளபதி அரசரை மூலையில் வைத்த நாட்டில்தான் இன்னொரு தளபதி மேலே ஏறினார். 1758 வாக்கில் சம்பள பாக்கிக்காகச் சிப்பாய்கள் நஞ்சராஜாவின் வாசலை முற்றுகையிட்டு உட்கார்ந்தபோது, திண்டுக்கல்லிலிருந்து வந்து அந்தப் பாக்கியைத் தீர்த்து வைத்தவர் ஹைதர். சம்பளம் கொடுத்தவரைப் படை மறக்கவில்லை. அடுத்த ஆண்டு மராட்டியரை எதிர்க்கும் முழுப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1760இல் அதே காண்டே ராவ் அரண்மனை ராணியோடு சேர்ந்து அவரை வீழ்த்தப் பார்த்தார். ஹைதர் தப்பிப் போய்ப் படை சேர்த்துத் திரும்பி, 1761இல் வென்றார். தோற்ற காண்டே ராவைக் கிளிபோலப் பேணுவதாக வாக்குக் கொடுத்து, சொன்னபடியே கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்து வைத்திருந்தார் என்பது பிரசித்தமான செய்தி. உடையார் பெயரளவில் அரசராகத் தொடர்ந்தார்.

இதே கதையைக் கிழக்கிந்தியக் கும்பினிப் பக்கத்தில் வேறு முடிவோடு காணலாம். இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்த யூசுப் கான், கும்பினிச் சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்தவர். மதுரையையும் திருநெல்வேலியையும் அவரிடமே குத்தகைக்கும் விட்டார்கள். குத்தகைப் பணமும் சிப்பாய்ப் படையும் ஒரே கையில் சேர்ந்தன. ஆர்க்காட்டு நவாபுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததும் முறிவு ஏற்பட்டது. 1763இலும் 1764இலும் மதுரைக் கோட்டை முற்றுகைக்கு உள்ளானது. கூட இருந்தவர்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்ட யூசுப் கான் 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். நாட்டுப்புறக் கதைப்பாடல் அவரை வீரனாக வைத்துக்கொண்டது. வீரம் ஒருபுறம் இருக்க, அவருக்கும் ஹைதருக்கும் நடுவில் இருந்த வேறுபாடு வெற்றி தோல்வி மட்டும்தான்.

பாளையப்பட்டு முறையே இப்படிப்பட்ட ஏற்பாடுதான். விருப்பாச்சியிலும் பாலசமுத்திரத்திலும் ஆயக்குடியிலும் இடையகோட்டையிலும் நிலத்தைக் காத்தவரும் நிலத்தில் தண்டியவரும் ஒருவரே. கும்பினி இதைப் புரிந்துகொண்டிருந்தது. விருப்பாச்சி கோபால நாயக்கரின் எழுச்சியை 1801இல் ஒடுக்கிய பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து அறிவிப்பு வந்தது. பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். தண்டும் உரிமை எஞ்சியது, படை போனது.

அடுத்தவரின் படையைக் கலைத்தவர்கள் தம் படையை அடக்கி வைத்திருந்தார்களா என்றால், அதற்குச் சென்னைப் பட்டணமே பதில். 1776 ஆகஸ்ட் 24 அன்று சென்னை ஆளுநர் பிகட் பிரபு கோட்டையிலிருந்து தம் தோட்ட வீட்டுக்குக் குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தார். கூடவே உட்கார்ந்திருந்தவர் படையின் தற்காலிகத் தலைவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். வழியில் வண்டி மறிக்கப்பட்டது, ஆளுநர் கைதானார். பின்னணியில் தஞ்சாவூர் இருந்தது. பறிக்கப்பட்ட நாட்டைத் தஞ்சை மன்னர் துளஜாவுக்குத் திருப்பிக் கொடுக்கப் பிகட் வந்திருந்தார். நவாபுக்குக் கடன் கொடுத்துத் தஞ்சை விளைச்சலை ஈடாக எழுதி வாங்கியிருந்த பால் பென்ஃபீல்டு போன்றவர்களுக்கு அது கசந்தது. ஆளுநர் அவையின் பெரும்பான்மை அவர்கள் பக்கம் சாய்ந்தது. அந்தப் பெரும்பான்மையின் உத்தரவைத்தான் தான் நிறைவேற்றியதாக ஸ்டூவர்ட் கடைசிவரை வாதிட்டார். பிகட் காவலிலேயே 1777 மே மாதம் இறந்தார். 1780இல் படைநீதிமன்றம் ஸ்டூவர்ட்டை விடுவித்தது. குடிமை அதிகாரம் இரண்டாகப் பிளந்தால் தளபதியின் கீழ்ப்படிதல் எந்தப் பாதிக்கு உரியது என்ற கேள்வி இந்தியாவில் இவ்வளவு அப்பட்டமாக அதற்கு முன் எழுந்ததில்லை.

கதை அங்கே முடியவில்லை. பொள்ளிலூர்ப் போரில் ஹைதரின் பீரங்கிக் குண்டுக்கு ஒரு காலைக் கொடுத்த ஸ்டூவர்ட், பின்னர் சென்னைப் படையின் தலைமைக்கு வந்தார். 1783இல் கடலூர் முற்றுகையில் அவர் காட்டிய மெத்தனமும் ஆளுநர் மெக்கார்ட்னியின் உத்தரவுகளை மதிக்காத போக்கும் முற்றின. இந்த முறை ஆளுநர் முந்திக்கொண்டார். மெக்கார்ட்னியின் செயலர் ஜார்ஜ் ஸ்டான்டன் சிப்பாய்களோடு போய் ஸ்டூவர்ட்டைக் கைது செய்தார். கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆளுநரைச் சிறைபிடித்தவரை ஆளுநர் ஒருவர் சிறைபிடித்த இந்தச் சமன்பாடு ஒரு நாவலில் வந்தால் செயற்கை என்று தோன்றும். 1786இல் லண்டனில் இருவரும் கைத்துப்பாக்கிச் சண்டை போட்டார்கள். ஒற்றைக்காலோடு மரத்தில் சாய்ந்து நின்று சுட்ட ஸ்டூவர்ட்டின் குண்டு மெக்கார்ட்னியைக் காயப்படுத்தியது.

1809இல் சென்னைப் படையின் வெள்ளை அதிகாரிகள் மொத்தமாக முரண்டு பிடித்தார்கள். கூடாரச் செலவுக்கென்று அதிகாரிகளுக்குக் கிடைத்துவந்த குத்தகைப் பணத்தை நிறுத்தியது அதன் காரணங்களில் ஒன்று. மசூலிப்பட்டணத்திலும் சீரங்கப்பட்டணத்திலும் கலகம் வெளிப்பட்டது. ஆளுநர் பார்லோ அதிகாரிகளிடம் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்டார். இந்தியச் சிப்பாய்களை நோக்கி நேரடியாகவே பேசினார். கலகம் அடங்கியது. இங்கேயும் அடியில் கிடந்தது பணம்.

ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து 1905இல் படைத்தலைவர் கிச்சனருக்கும் வைஸ்ராய் கர்சனுக்கும் மோதல் வந்தது. படைச் செலவைச் சரிபார்க்க வைஸ்ராய் அவையில் தனியாக ஓர் உறுப்பினர் இருந்தார். அந்தப் பதவி வேண்டாம், படைத்தலைவரே போதும் என்றார் கிச்சனர். லண்டன் கிச்சனருக்குச் சாய்ந்தது, வைஸ்ராய் கர்சன் பதவி விலகினார். அதன்பின் பிரிட்டிஷ் இந்தியாவின் படைத்தலைவர் வைஸ்ராய்க்கு அடுத்த இடத்தில் அமைச்சர்போலவே உட்கார்ந்திருந்தார். சுதந்திர இந்தியா கலைக்க வேண்டியிருந்தது இந்த நாற்காலியைத்தான்.

கலைப்பு ஓசையில்லாமல் நடந்தது. 1946இன் இடைக்கால அரசில் பாதுகாப்புத் துறை பல்தேவ் சிங்கிடம் கொடுக்கப்பட்டது. படைத்தலைவர் அமைச்சர் மேசையிலிருந்து எழுந்தார். டெல்லியில் அவர் குடியிருந்த மாளிகை பிரதமர் நேருவின் இல்லமாகி, தீன் மூர்த்தி பவன் என்று பெயர் பெற்றது. ஊர்ப் பெரியவீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதைப் பார்த்து அதிகாரத்தை அளக்கும் நாட்டில் அந்த வீடு மாறியதற்குப் பொருள் இருந்தது. 1949 ஜனவரி 15 அன்று கரியப்பா தரைப்படையின் முதல் இந்தியப் படைத்தலைவர் ஆனார். 1955இல் படைத்தலைவர் என்ற அந்தப் பதவிப் பெயரே நீக்கப்பட்டு, தரைப்படை, கடற்படை, விமானப்படைத் தலைவர்கள் மூவரும் சமமான தலைமைத் தளபதிகள் ஆனார்கள். அரசியலமைப்பின் 53ஆவது பிரிவு முப்படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவருக்குத் தந்து, அதைச் சட்டப்படியே செலுத்த வேண்டும் என்கிறது. படைச் செலவுக்கு ஆண்டுதோறும் மக்களவை வாக்களிக்கிறது, தணிக்கை அதிகாரி கணக்குப் பார்க்கிறார். மஞ்சள் கட்டுகளை எண்ணுகிற வேலை திண்டுக்கல் பௌஜ்தாரின் கையை விட்டுப் போய்விட்டது. சிப்பாய் கட்சியில் சேரக் கூடாது, அரசியல் கூட்டத்தில் பேசக் கூடாது என்பது சட்டம். எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் போன்ற ஆயுதப் படைகள் உள்துறையின் கீழ் இருப்பதால் ராணுவம் ஒன்றே நாட்டின் ஆயுதபாணி என்ற நிலையும் இல்லை.

இந்த ஏற்பாடு முதன்முதலில் நெளிந்தது 1959 ஆகஸ்ட் 31 அன்று. தரைப்படைத் தலைமைத் தளபதி திம்மய்யா, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனின் போக்கைத் தாங்க முடியாமல் ராஜிநாமா எழுதிக் கொடுத்தார். பி.எம். கௌல் உள்ளிட்டோரின் பதவி உயர்வு உடனடிக் காரணம். அமைச்சர் நடத்திய விதம் நீண்ட நாள் காரணம். நேரு கூப்பிட்டுப் பேசினார், திம்மய்யா கடிதத்தைத் திரும்பப் பெற்றார். செய்தி பத்திரிகைக்குப் போயிருந்தது. செப்டம்பர் 2 அன்று நேரு மக்களவையில் தளபதியின் செயலைப் பாராட்டத்தக்கதாகச் சொல்லவில்லை. குடிமை அதிகாரமே மேலானது, அது வல்லுநர்களின் யோசனைக்குக் காது கொடுக்கவும் வேண்டும் என்ற பொருளில் பேசினார். திம்மய்யா 1961இல் ஓய்வு பெற்றார், கௌல் மேலே போனார், 1962 சீனப் போரில் வடகிழக்கு எல்லையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தளபதிக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் கடைசி ஆயுதம் ராஜிநாமா. அதை உறையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உறையில் போட்டது அவரையும் பலப்படுத்தவில்லை, அமைச்சரையும் திருத்தவில்லை. பிடிவாதமாக விலகியிருந்தால் மேனனின் பதவி மூன்றாண்டு முன்பே ஆடியிருக்கலாம்.

அதே காலத்தில் நீலகிரியில், வெல்லிங்டன் படைப் பணியாளர் கல்லூரியின் தலைவராக இருந்தவர் சாம் மானெக்ஷா. அரசுக்கு விசுவாசம் இல்லாதவர் என்ற வகையில் அவர்மீது புகார்கள் கிளப்பப்பட்டு விசாரணை நடந்தது. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. விசுவாசம் என்ற சொல்லை ஆளுங்கட்சிக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று அளக்கும் கோலாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த விசாரணை சான்று. அந்தப் புகார் அன்று நிலைத்திருந்தால் 1971 போரின் தளபதி கிடைத்திருக்க மாட்டார்.

1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை தரைப்படையின் தலைமையில் இருந்தவர் தமிழர்: திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தின் பி.பி. குமாரமங்கலம். தந்தை ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரி, பின்னர் நேருவின் அமைச்சரவையிலும் இடம்பெற்றவர். தம்பி மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்டு இயக்கத்தில் வளர்ந்து, பிறகு காங்கிரசுக்கு வந்து மத்திய அமைச்சரானவர். தங்கை பார்வதி கிருஷ்ணன் கோயம்புத்தூரின் கம்யூனிஸ்டு மக்களவை உறுப்பினர். ஒரே வீட்டில் இத்தனை அரசியல் இருந்தும், அண்ணன் தளபதியானபோது படை எந்தக் கட்சியின் பக்கம் சாயும் என்று எவரும் கணக்குப் போடவில்லை. அவர் பதவியில் இருந்த 1967இல் பல மாநிலங்களில் காங்கிரசு தோற்றது, சென்னையில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. படைமுகாம்களில் அதனால் எதுவும் மாறவில்லை. பாகிஸ்தானிலோ பர்மாவிலோ அந்த ஆண்டுகளில் ஆட்சி மாறியது முகாம்களிலிருந்துதான்.

1975 ஜூன் 25 அன்று டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண், சட்டவிரோத உத்தரவுகளுக்கு அடிபணிய வேண்டாம் என்று போலீசையும் ராணுவத்தையும் கேட்டுக்கொண்டார். அன்றிரவு அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலைக்கு அந்தப் பேச்சே ஒரு நியாயமாகக் காட்டப்பட்டது. ராணுவம் ஜெயப்பிரகாஷின் அழைப்பை ஏற்கவில்லை; நெருக்கடி நிலையின் காவல் வேலையையும் பெரும்பாலும் போலீசே செய்தது. 1977 மார்ச் தேர்தலில் பிரதமர் தோற்றார், விலகினார்.

அதே தேர்தலில் பழனித் தொகுதி மக்கள் சி. சுப்பிரமணியத்தை மக்களவைக்கு அனுப்பினார்கள். பழனித் தொகுதி இன்று இல்லை. 2008 மறுவரையறையில் போய்விட்டது. ஆனால் 1979 ஜூலை இறுதியில் சரண் சிங் அரசு அமைந்தபோது அதன் பாதுகாப்பு அமைச்சர் பழனியின் உறுப்பினர்தான். அந்த அரசு ஒருநாள்கூட மக்களவையில் பெரும்பான்மையைக் காட்டவில்லை. ஆகஸ்ட் 20 அன்று சரண் சிங் விலகினார், அவை கலைக்கப்பட்டது. 1980 ஜனவரி நடுப்பகுதி வரை ஏறத்தாழ ஐந்து மாதம் நாட்டை நடத்தியது காபந்து அரசு. பெரும்பான்மை இல்லாத ஓர் அமைச்சரவையில், கலைந்த அவையின் உறுப்பினர் ஒருவருக்கு முப்படைத் தளபதிகளும் கோப்பு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து மாதத்தில் எதுவும் நடக்கவில்லை என்பதே அதில் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி. எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில், பல மூத்தவர்களைத் தாண்டித் தனக்கு அடங்குவார் என்று 1976இல் பிரதமர் புட்டோ தேர்ந்தெடுத்த தளபதி ஜியா உல் ஹக், 1977 ஜூலை 5 அன்று ஆட்சியைப் பிடித்தார். 1979 ஏப்ரல் 4 அன்று புட்டோ தூக்கிலிடப்பட்டிருந்தார். தனக்கு வேண்டியவர் என்று பார்த்து எடுப்பதைவிடப் பணிமூப்பு வரிசையை மதிப்பது பாதுகாப்பானது என்பதை இந்திய அரசுகள் பெரும்பாலும் அறிந்தே நடந்தன. மீறியபோது முணுமுணுப்பு எழுந்ததுண்டு, அதற்குமேல் போனதில்லை.

இலங்கையில் கோடு இன்னும் மெல்லியதாக இருந்தது. 1962 ஜனவரி 27 இரவு, பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசைக் கவிழ்க்கப் படை, போலீஸ் உயரதிகாரிகள் சிலர் திட்டமிட்டார்கள். பெரும்பாலும் கிறித்தவர்கள், ஆங்கிலம் படித்த மேல்தட்டினர். சிங்களரும் தமிழரும் பறங்கியரும் கலந்த குழு. புதிய மொழிக் கொள்கையும் படையில் நடந்த சமய மாற்றங்களும் நாட்டைக் கெடுக்கின்றன, அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். சில மணி நேரத்துக்கு முன் ஒரு போலீஸ் அதிகாரி வழியே விஷயம் கசிந்தது. பின்தேதியிட்ட சட்டம் ஒன்றை இயற்றி அவர்களைத் தண்டித்தார்கள். அந்தச் சட்டம் செல்லாது என்று 1965இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர்களை விடுவித்தது. சதி செய்தவர்களைத் தண்டிக்கவும் சட்டம் வளைக்கப்படக் கூடாது என்று சொன்ன தீர்ப்பு அது. சட்டப் படிப்பில் இன்றும் சொல்லப்படுகிறது.

நாட்டைக் காப்பாற்ற வந்தோம் என்ற இதே வாதத்தை ஜப்பானிய எழுத்தாளர் யோஷிகி தனாகா ஒரு விண்வெளிப் போர்க்காவியத்தில் எடுத்துக்கொண்டு கடைசிவரை துரத்துகிறார். 1982க்கும் 1987க்கும் இடையில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த 'கிங்கா எய்யூ டென்செட்சு', பின்னர் 110 பகுதிகள் கொண்ட சித்திரப்படத் தொடராகவும் வந்தது. நட்சத்திரங்களுக்கிடையே ஒரு முடியாட்சிப் பேரரசும் ஒரு குடியரசுக் கூட்டணியும் தலைமுறை தலைமுறையாகப் போரிடுகின்றன. பேரரசில் திறமையான இளம் தளபதி ரைன்ஹார்ட் ஆட்சியைப் பிடித்து நல்லாட்சி தருகிறார். கூட்டணியில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் ட்ரூனிக்ட் ஊழல்வாதி, மேடைப் பேச்சாளர், ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்பவர். அந்தக் குடியரசின் மிகச் சிறந்த தளபதி யாங் வென்லி, வரலாற்றாசிரியராக ஆசைப்பட்டு, கட்டணமில்லாமல் வரலாறு படிக்கலாம் என்று படைக் கல்லூரியில் சேர்ந்தவர்.

தனாகா இரண்டு சோதனைகளை வைக்கிறார். முதலாவது சோதனையில், கிரீன்ஹில் என்ற மதிப்புக்குரிய மூத்த தளபதி ஊழல் அரசியல்வாதிகளை அகற்றி நாட்டைக் காக்கும் குழு என்ற பெயரில் புரட்சி செய்கிறார். யாங் அதை அடக்கித் தலைநகரை மீட்கிறார். மீட்டதும் மறைவிலிருந்து வெளியே வருபவர் அதே ட்ரூனிக்ட். கூட்டத்தின் முன் யாங் அவரோடு கைகுலுக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சோதனை எளிது. கொழும்பு அதிகாரிகளின் கதையை அறிந்தவர் யாங்கின் முடிவை ஊகித்துவிடலாம்.

இரண்டாவது கடினமானது. வெர்மில்லியன் போரில் யாங்கின் கப்பல்கள் ரைன்ஹார்டின் தலைமைக் கப்பலை நெருங்கிவிட்டன. ஒரு தாக்குதல் போதும், போரே முடியும். அதே நேரத்தில் பேரரசின் வேறு இரு தளபதிகள் கூட்டணியின் தலைநகரைச் சூழ்ந்து மிரட்டுகிறார்கள். பயந்த அரசு யாங்குக்கு நிபந்தனையற்ற போர்நிறுத்த உத்தரவு அனுப்புகிறது. அருகில் இருக்கும் ஷோன்கோஃப் என்ற அதிகாரி, உத்தரவைப் பார்க்காததுபோல் சுட்டுவிடச் சொல்கிறார். யாங் சுடவில்லை. குடியரசு அந்த முடிவால் பேரரசின் பிடிக்குள் போகிறது. தனாகா அவருக்குப் பரிசு எதுவும் கொடுக்கவில்லை. அவர் கீழ்ப்படிந்த அதே அரசு, பேரரசின் அதிகாரிக்குப் பயந்து, பிறகு அவரையே கைது செய்கிறது.

வெர்மில்லியனில் யாங் செய்தது சரிதானா என்ற வாதம் அந்தக் காவியத்தின் வாசகர்களிடையே ஓய்ந்ததே இல்லை. குடியரசே அழியும்போது அதன் அமைச்சருக்குக் கீழ்ப்படிவது வெறும் சடங்கு என்பார்கள் ஒரு சாரார். ஆனால் உத்தரவு சட்டப்படி அமைந்த அரசிடமிருந்து வந்தது. கண்டிப்பதற்கு இடமுள்ள உத்தரவு, மறுப்பதற்கு இடமுள்ளது அன்று. யாங் சுட்டிருந்தால் போர் முடிந்திருக்கும். அடுத்த நாள் காலையில் குடியரசில் அவருக்குமேல் உத்தரவிட ஆள் இருந்திருக்க மாட்டார். 1761இன் மைசூர் அதுதான்: படையைக் காப்பாற்றியவர் வீட்டுக்குப் போகவில்லை. தனாகாவின் கதையில் ஒரு குறையும் உண்டு. கீழ்ப்படிதலை அவர் யாங் என்ற ஒரு மனிதரின் குணத்தில் ஏற்றி வைக்கிறார். யாங் இல்லாத குடியரசில் தளபதிகளை யார் கட்டிவைப்பது என்பதற்கு அவரிடம் ஏற்பாடு இல்லை. சம்பளப் பட்டியலும் தணிக்கையும் பணிமூப்பும் மூன்று சமமான தலைமைகளும் காவியத்துக்குச் சுவையான பொருள் அல்ல; ஆனால் 1979இன் ஐந்து மாதத்தைக் கடக்க வைத்தவை அவைதான்.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கம், அமைச்சரவை நினைத்தால் தளபதியை அனுப்பிவிடலாம் என்பது. 1998 டிசம்பர் 30 அன்று கடற்படைத் தலைமைத் தளபதி விஷ்ணு பாகவத் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். துணைத் தளபதி நியமனம் ஒன்றில் அரசின் முடிவை ஏற்க அவர் மறுத்திருந்தார். அடுத்து வந்தவர் நாகர்கோவிலில் பிறந்த சுஷில் குமார். பாகவத் சொன்ன குறைகளில் நியாயம் இருந்ததா என்பதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. பின்னர் அவர் எழுதியும் பேசியும் வாதிட்டார். கப்பல் ஒன்றும் கரையை விட்டு அசையவில்லை. இலங்கையில் 2009இல் போரை வென்ற சரத் பொன்சேகா சீருடையைக் கழற்றிவிட்டு 2010 ஜனவரியில் அதிபர் தேர்தலில் நின்றார், தோற்றார். அடுத்த மாதமே கைதாகிப் படைநீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். தளபதி வாக்குப்பெட்டி வழியே வருவது முறையானதே. தோற்றவரைச் சிறைக்கு அனுப்பியதில் குடிமை அதிகாரம் தன் எல்லையைத் தாண்டியது.

சுதந்திர இந்தியா கலைத்த ஒற்றைத் தலைமை, 2020 ஜனவரி 1 அன்று முப்படைகளின் தலைமைத் தளபதி என்ற பெயரில் வேறு உருவில் திரும்பியது. பிபின் ராவத் முதலில் அமர்ந்தார். பாதுகாப்பு அமைச்சகத்தில் புதிதாக அமைந்த படைவிவகாரத் துறையின் செயலரும் அவரே. ஆக, சீருடையில் இருப்பவர் ஒருவர் அமைச்சகத்துக்குள்ளேயே கோப்பில் கையெழுத்திடுகிறார். 2021 டிசம்பர் 8 அன்று வெல்லிங்டன் கல்லூரிக்குப் போகும் வழியில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் ராவத் இறந்தார். அதன்பின் ஒன்பது மாதத்துக்குமேல் அந்த நாற்காலியை அரசு காலியாகவே வைத்திருந்தது; 2022 செப்டம்பர் இறுதியில் அனில் சௌகான் வந்தார். பதவியை உருவாக்கிய 2019 அறிவிப்பிலேயே ஒரு வரம்பு உண்டு. இந்தத் தளபதி மூன்று படைகளின் தலைவர்கள் மீது உள்பட எந்தப் படை ஆணையும் செலுத்த மாட்டார். அமைச்சருக்கு யோசனை சொல்வார், கொள்முதலிலும் பயிற்சியிலும் மூன்று படைகளையும் ஒருங்கிணைப்பார். மூன்று படைகளையும் வட்டார வாரியாக ஒரே தளபதியின் கீழ் கொண்டுவரும் கூட்டுக் கட்டளைகள் பற்றிய பேச்சு ராவத் காலத்திலிருந்து நடக்கிறது. அவை அமையும்போது ஒரு தளபதியின் கீழ் சேரும் படை பெரிதாகும். செலவுக் கணக்கும் பதவி உயர்வும் ஆணைச் சங்கிலியும் எந்த மேசையில் முடிய வேண்டும் என்பதை அதற்கான சட்டங்கள்தான் எழுத வேண்டும்.